வெங்காய வயல் வழியாக ஒரு சுற்று

மார்ச் 4

அண்ணா,

தேதியை மேலே போட்டுவிட்டேன். தேதியில்லாத காகிதம் உன் மேசையில் செல்லாது என்று தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், "ஒரு நிமிஷம் இரு, எழுதிக்கிறேன்" என்பாய். பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்கும். எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒரு பண்ணையில் பசுவுக்குக் கன்று எடுத்துவிட்டு எழுந்தேன். வலது கால் மட்டும் எழவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முன்பிருந்தே செருப்பு அந்தக் காலிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது, செருப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நரம்பு மருத்துவர் ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குச் செய்தி போகிற வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றனவாம். முதலில் வலது கால். பிறகு இடது. பிறகு மற்றவை. மருந்து வேகத்தைக் குறைக்குமாம், நிறுத்தாதாம். மாட்டு டாக்டராக இருந்தாலும் நானும் டாக்டர்தானே. பண்ணைக்காரர்களிடம் அதே குரலில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அவர் வாயைத் திறந்ததுமே புரிந்துவிட்டது.

"சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"முடியறவரைக்கும் ஓட்டுங்க. ஆனா இந்தக் கோடை முழுக்க முடியும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சுற்றை ஒரு முறை உன்னோடு முழுதாகப் போக வேண்டும். சின்ன வயதில் லீவுக்கு இங்கே வரும்போது முட்டைக்கோஸ் வயல்களைத் தாண்டி, வாய்க்கால் கரையேறி, கடலோர அணைச் சாலையில் கலங்கரை விளக்கம் வரை போவோமே, அதே சுற்று. அங்கே போனதும், "இருட்டிடும், திரும்பலாம்" என்பாய். மணி நாலுகூட ஆகியிருக்காது. நான் மண்ணில் உட்கார்ந்து அடம் பிடிப்பேன். "அடுத்த லீவுல முழுசா சுத்திடலாம்" என்பாய். எத்தனை அடுத்த லீவு!

நான் இந்த ஊருக்கே வேலைக்கு வந்தபிறகு அதை எண்ணிக்கையில்லாமல் சுற்றிவிட்டேன். நீதான் இன்னும் கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் போகாதவன்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு போகலாம். கடுகு பூத்து இரண்டு பக்கமும் மஞ்சளாக இருக்கும். காற்றும் திசை மாறியிருக்காது. மாறிவிட்டால் அணைச் சாலையில் எதிர்க்காற்று. என் காலுக்கு ஆகாது. அண்ணிக்குக் கொடுத்த முதல் காதல் கடிதத்துக்கே நகல் எடுத்து வைத்துக்கொண்டவன் நீ. திட்டமில்லாமல் வாசற்படி தாண்டமாட்டாய். அதனால் திட்டத்தை நீயே போடு. ஆனால் சீக்கிரம் போடு.

வாலு


மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதத் தொடங்கினேன். எழுதியதைக் கிழித்தேன், மறுநாளும் அவ்வாறே. என் தொழிலில் சொற்களுக்குக் குறை ஏற்பட்டதில்லை என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை எனத் தெரிகிறது.

உன் மருத்துவரின் கருத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரே ஒருவரின் கருத்தை இறுதித் தீர்ப்பாக ஏற்பது முறையன்று. இங்குள்ள நரம்பியல் மருத்துவமனையில் விசாரித்துள்ளேன். உன் பரிசோதனை முடிவுகளின் நகல்களை அனுப்பி வை. அண்ணி உன்னோடு பேச விரும்புகிறாள்; ஆனால் தொலைபேசியை எடுத்து, எண்ணை அழுத்தாமலே வைத்துவிடுகிறாள். அதை நீ அலட்சியமாகக் கொள்ள வேண்டாம்.

சுற்றுப் பயணத்தைப் பொறுத்தவரை, கொள்கையளவில் சம்மதம். ஆனால் நீ குறிப்பிட்ட ஞாயிறு இயலாது. நான் சைக்கிளில் ஏறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. வாய்க்கால் பாலம் பழுதுபார்க்கப்படுகிறது என்று உங்கள் ஊராட்சியின் அறிவிப்பு கூறுகிறது. அது முடியும் நாள் தெரியவில்லை. மேலும், நில அளவை வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தேன். கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் கழிமுகத்தில் சாலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து உன் வீட்டுக்குத் திரும்ப இரண்டே வழிகள். ஒன்று, லாரிகள் செல்லும் நெடுஞ்சாலை. அதை நான் பரிசீலிக்கவே மாட்டேன். மற்றது, ஒரு வெங்காய வயலின் நடுவே செல்லும் குறுகிய பாதை. அது வரைபடத்தில் பொதுப் பாதையாகக் காட்டப்படவில்லை. தனியார் நிலம் எனக் காண்கிறது. அதன் உரிமையாளர் யார்? எந்த அடிப்படையில் அவ்வழியே செல்கிறாய்?

ஏப்ரல் மூன்றாம் வாரம் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

கலங்கரை விளக்கத்தில் திரும்பியது பற்றி: அன்று நீ என் பொறுப்பில் இருந்தாய். அந்தத் தீர்மானத்தைத் தவறென நான் இன்றும் கருதவில்லை.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 17

கனம் கோர்ட்டார் அவர்களுக்கு,

எந்த அடிப்படையில் செல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு சக்கர அடிப்படையில்.

அந்த வயல் வெங்காயக்காரருடையது. அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தப் பாதையில் எல்லோரும் போகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் வண்டிக்காரர், நான், நாய்கள். மாடு உள்ளே போகாமலிருக்க ஒரு மரக்கதவு. அதற்குப் பூட்டுக் கிடையாது, கயிற்று வளையம்தான். வளையத்தைத் தூக்கி உள்ளே போய், திரும்ப மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். வெங்காயக்காரர் வயலில் இருந்தால் நான் கையைத் தூக்குவேன், அவரும் தூக்குவார். இத்தனை வருஷத்தில் நாங்கள் அந்தப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய பசுவின் மடி வீக்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம்.

உன் மூளை எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எதையும் எழுதிவிடாதே. சொல்லிவிட்டேன்.

பரிசோதனை நகல்களை அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார். உன் ஊர் டாக்டர்களும் அதே குரலில்தான் பேசுவார்கள்.

சைக்கிள் கடைக்காரர் வலது பெடலில் ஒரு தோல் பட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். காலை உள்ளே செருகிவிட்டால் நழுவாது. "இனி கால் வண்டிய விடாது டாக்டரம்மா. வண்டி காலை விட்டாத்தான் உண்டு" என்கிறார். நேற்று வாய்க்கால் வரை போய் வந்தேன். பாலத்தைச் சரிசெய்து ஒரு வாரம் ஆகிறது. அந்த அறிவிப்பை யாரும் கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாதையில் ஒரு மேடு வரும். மெதுவாக ஏறுகிற மேடு. உச்சியில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே என்ன தெரியும் என்று சொல்லமாட்டேன். நான் முன்னால் போவேன், நீ பின்னால் வருவாய், நான் "இப்ப பாரு" என்பேன், நீ பார்ப்பாய். இத்தனை காலமாக உனக்கென்று அதை வைத்திருக்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சீட்டை விடவேமாட்டேன் என்றாய். "விட்டு நான் விழுந்தா நீ பொறுப்பில்லை" என்றேன். "அப்போ எழுதிக் கொடு" என்றாய். ‘விழுந்தால் நானே பொறுப்பு’ என்று எழுதி, பென்சிலில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கூப்பிட்டாய். அதற்கு எழுதவே தெரியாது; கட்டைவிரலை மையில் தோய்த்துவிட்டாய். அதன் அம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

அன்றைக்கு நான் விழவில்லை, அண்ணா.

ஏப்ரல் 20, ஞாயிறு. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளாதே.

வாலு


மார்ச் 26

அன்புள்ள தங்கைக்கு,

உன் நகல்களை இரண்டு மருத்துவர்களிடம் காட்டினேன். அவர்கள் கூறியதை இங்கு எழுதவில்லை, நீயே ஊகித்துவிட்டாய்.

திட்டத்தை இணைத்துள்ளேன். வலஞ்சுழியாகச் செல்வது என முடிவு செய்திருக்கிறேன். அவ்வாறாயின் அணைச் சாலையில் காற்று நம் முதுகுப்புறம் இருக்கும். விடிந்ததும் புறப்பாடு. பால் சேகரிப்பு நிலையத்தில் முதல் ஓய்வு. அங்குள்ள சரிவு பெரிதன்று எனினும், நீ இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். வாய்க்கால் கரையில் சரளைக் கற்கள் உள்ள பகுதியைத் தவிர்க்க, கடுகு வயலின் ஓரமாகச் செல்லும் தார்ச் சாலையைத் தேர்ந்துள்ளேன். சற்றே சுற்றுதான், ஆனால் நீ விரும்பிய மஞ்சள் அங்கு இரு மருங்கிலும் இருக்கும் என்று விசாரித்து அறிந்தேன். கலங்கரை விளக்கத்தில் நீண்ட ஓய்வு. உங்கள் கால்நடை மருத்துவமனையின் வண்டி நம்மைப் பின்தொடர வேண்டும். அதை ஓட்டும் அம்மையாரிடம் பேசினேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை ஹாரன் அடித்தார். வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை.

வயல் பாதை அகலம் குறைந்தது. வண்டி அதனுள் வர இயலாது. அதாவது, சுற்றின் கடைசிப் பகுதியில், நீ மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், உனக்கு உதவி எட்டாது. அங்கு நீ விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பல நாட்களாகச் சிந்தித்தேன். மறுமுனையில் வண்டி காத்திருக்கவும், தேவைப்பட்டால் வயல் வழியாக உன்னைத் தூக்கி வரவும், நில உரிமையாளரின் ஒத்துழைப்பு தேவை. அது வாய்மொழியாக இருத்தல் போதாது.

எனவே, நீ வேண்டாம் என்று கூறியிருந்தும், அவருக்கு எழுதியுள்ளேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். மிகுந்த மரியாதையோடுதான் எழுதியிருக்கிறேன். "தங்கள் அனுமதியின்றி அப்பாதையில் செல்ல எங்களுக்கு எவ்வித உரிமையும் இல்லை என்பதை உணர்ந்தே இதனை வேண்டுகிறோம்" என்று தொடங்கியுள்ளேன். கண்ணியமுள்ள எவரும் இதை மறுக்கமாட்டார்.

கோபித்துக்கொள்ளாதே. ஏப்ரல் 20 உறுதி.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

பூட்டிவிட்டார்.

கயிற்று வளையம் இல்லை. சங்கிலி, பூட்டு, ‘தனியார் நிலம், உள்ளே நுழையாதீர்’ என்று ஒரு பலகை. அதில் பெயின்ட்கூடக் காயவில்லை. என் விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் வயலில் நின்றுகொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை. மெதுவாகக் கதவுப் பக்கம் வந்தார்.

"என்னங்க இது?"

"நீங்கதானே டாக்டரம்மா கேட்டீங்க."

"நான் எப்போ கேட்டேன்?"

"உங்க அண்ணன் கேட்டிருக்காரே. பதிவுத் தபால்ல. எங்க வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தா ஒண்ணு கோர்ட்டு, இல்ல சாவு. என் பொண்டாட்டி கையெழுத்துப் போடவே மாட்டேன்னுட்டா. நான் டவுன்ல ஒரு வக்கீலைப் பாத்தேன். அவரு படிச்சுட்டுச் சிரிக்கிறாரு. ‘உங்களுக்கு அதிர்ஷ்டம்யா. பாதையில எந்த உரிமையும் இல்லேன்னு எதிர்த்தரப்பே எழுதிக் குடுத்திருக்கு. விட்டா உரிமையாயிடும், விழுந்தா கேஸாயிடும். பூட்டிடுங்க’ன்னாரு."

"நாம எதிர்த்தரப்பா?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்களுக்கு எதிரா பூட்டல டாக்டரம்மா. அந்தக் காகிதத்துக்குத்தான் பூட்டுனேன்."

பள்ளிப் பிள்ளைகள் இப்போது நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப் போகிறார்கள். பால் வண்டிக்காரர் நேற்று என்னைத் தெருவில் நிறுத்தினார். "உங்க அண்ணன் ரொம்ப நல்லவராம், கேள்விப்பட்டேன். தூரத்துலயே நல்லவரா இருக்கச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

எழுதாதே என்று சொன்னேன். உன்னிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். நான் எதைச் சொன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டு, பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, நீ நினைத்ததையே செய்வாய். சின்ன வயதிலிருந்தே. இந்த ஊரில் என்னை யாரும் எதற்கும் அனுமதி கேட்க வைத்ததில்லை, அண்ணா. இந்த உடம்பு வந்தபிறகு நாற்காலியிலிருந்து எழுவதற்கே அதன் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு பாதைதான் மிச்சம் இருந்தது.

கையெழுத்துப் போடப் பிடிக்கவில்லை.


ஏப்ரல் 9

தங்கைக்கு,

நீண்ட காலம் தடையின்றி, வெளிப்படையாக, எவரிடமும் கேட்காமல் ஒரு வழியைப் பயன்படுத்தி வந்தவருக்கு அவ்வழியில் அனுபவ பாத்தியம் உண்டாகிறது. அவர் ஒரு முறை அனுமதி கேட்டுவிட்டால், தனக்கு உரிமையில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதன்பின் அது மற்றவர் இரக்கம். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படலாம். என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு இளம் வழக்கறிஞருக்கும் நான் கற்பிக்கும் முதல் பாடம் இது. இருப்பதைக் கேட்டுப் பெறாதே. இவ்வாக்கியத்தை என் மேசையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த மேசையில் அமர்ந்துதான் அக்கடிதத்தை எழுதினேன்.

எப்படி நேர்ந்தது என்று என்னையே விசாரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு விடைதான் கிடைக்கிறது. இத்தனை வாரங்களாக நீ விழுவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். நீ ஓட்டுவதை ஒரு முறையும் எண்ணிப் பார்க்கவில்லை.

என் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துள்ளேன். அவருடைய வழக்கறிஞரோடு பேசிவருகிறேன். பாதை திறக்கும்வரை பயணத்தை ஒத்திவைப்பதைத் தவிர வழியில்லை. நெடுஞ்சாலை வழியாகச் செல்ல முயலாதே என்று மன்றாடிக் கேட்கிறேன். கட்டளையிடும் தகுதி எனக்கு இனி இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

கோபம் தீரவில்லை. ஆனால் கோபப்பட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கிளம்பினேன், உன் திட்டப்படியே. நல்ல திட்டம்தான். கடுகு வயல் ஓரத் தார்ச் சாலை எனக்கே தோன்றாதது. பூ உதிரத் தொடங்கிவிட்டது என்றாலும் ஓரங்களில் மஞ்சள் மிச்சம் இருந்தது. பால் நிலையத்துச் சரிவில் இறங்கித் தள்ளினேன். பின்னால் ஹாரன் அக்கா வண்டியில் ஊர்ந்து வந்தாள். "இறங்குங்க டாக்டரம்மா, என் பெட்ரோலு தீரட்டும், உங்க உசுரு தீர வேணாம்" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

காற்று மாறிவிட்டது. நீ சொன்ன பக்கம்தான் போனேன். அது முகத்தில்தான் அடித்தது. அணைச் சாலையில் முட்டி தானாக உள்பக்கம் மடிகிறது. பட்டை பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; பாதம் என்னுடையதாகவே இல்லை. கலங்கரை விளக்கம் வந்தது. கீழே இறங்கி, அந்தப் பழைய இடத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். மேலே போக முடியாது. பாதை பூட்டியிருக்கிறது என்பதால் மட்டுமில்லை.

"இருட்டிடும், திரும்பலாம்" என்றேன். ஹாரன் அக்கா வானத்தைப் பார்த்தாள். நடுப்பகல். சைக்கிளைத் தூக்கி வண்டிக்குள் போட்டாள்.

இத்தனை வருஷத்தில் நானாக அங்கே திரும்பியது அன்றுதான் முதல் தடவை.

வா அண்ணா. பேச்சுவார்த்தை, பத்திரம் எல்லாம் வேண்டாம். கலங்கரை விளக்கம் வரையாவது போகலாம்.

வாலு


மே 2

அன்புள்ள தங்கைக்கு,

மே 16 அன்று வருகிறேன். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. இதற்கு எந்த நிபந்தனையும் இல்லை.

ஒரு சைக்கிள் வாங்கினேன். அலுவலகத்தின் பின்புறம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் தினமும் ஓட்டிப் பழகுகிறேன். குமாஸ்தா ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறார். முதல் நாள் நான் சுவரில் மோதியபோது, "சார், சுவர் மேல கேஸ் போடலாமா?" என்றார். எழுந்து மீண்டும் ஏறினேன்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீண்ட வாதத்துக்குப் பின் ஒன்றுக்கு இணங்கினார். மே 18, ஞாயிறு, ஒரே ஒரு நாள், காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கப்படும். எவ்வித விபத்துக்கும் நானே பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுத்தேன். இது வெற்றியன்று, உன் உரிமையை ஒரு நாள் இரக்கமாகச் சுருக்கிப் பெற்றிருக்கிறேன். ஆயினும் நீ அம்மேட்டின் மீது எனக்கு முன்னால் செல்வாய். நீ சொல்லும்போது நான் பார்ப்பேன்.

தேவையான இடங்களில் சீட்டைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அண்ணன்


மே 9

அண்ணா,

உன் சைக்கிளை மட்டும் கொண்டு வா.

என்னுடையதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். பட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு, அதை விற்கமாட்டேன் என்கிறார். "வேற யாரு காலுக்கும் அது சேராது டாக்டரம்மா." வேலை நேரத்தில் கண்ணைத் துடைக்கிற ஆள் இல்லை அவர். கிரீஸ் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முதல் வலது கால் என் பேச்சைக் கேட்பதில்லை. இடதும் யோசிக்கிறது. நாற்காலி வந்துவிட்டது. அதற்கும் இரண்டு சக்கரம்தான், நீ வருத்தப்படாதே.

வா.

வாலு


மே 27

அன்புள்ள தங்கைக்கு,

ஊர் திரும்பியதும் எழுதியிருக்க வேண்டும். எழுத இயலவில்லை.

பதினெட்டாம் தேதி காலை, "போயிட்டு வா, நான் ஜன்னல்ல இருக்கேன்" என்றாய். நான் மறுத்தேன். "எனக்காகப் போ" என்றாய். போனேன். திரும்பி வந்ததும், "எப்படி இருந்துது?" என்று கேட்டாய். "நல்லா இருந்துது" என்றேன். "அவ்ளோதானா?" என்றாய். அவ்வளவுதான் என்றேன். அன்று முழுவதும் நீ என்னோடு பேசவில்லை. அந்த மௌனம் நியாயமானது. அன்று நான் கூறாததை இப்போது கூறுகிறேன்.

கலங்கரை விளக்கத்தில் நான் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன் என்ற அச்சம். வயல் பாதையின் கதவை அடைந்தபோது ஒன்பதாகச் சற்று நேரம் இருந்தது. சட்டைப் பையில் அனுமதிக் கடிதம் இருந்தது. காத்திருந்தால் திறந்திருப்பார்கள். காத்திருந்தால், உன் பாதையில் நான் ஒரு நாள் விருந்தாளியாகப் போயிருப்பேன். கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். சட்டப்படி இதனால் விளையும் பயன் என்னவென்று கேட்டால், அநேகமாக ஒன்றுமில்லை. சைக்கிளைத் தூக்கிக் கதவுக்கு மறுபுறம் போட்டேன். ‘விழுந்தால் நானே பொறுப்பு’ என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு ஏறினேன். என் வாழ்வில் நான் அறிந்து செய்த முதல் அத்துமீறல் அது. பேன்ட் கிழிந்தது, முட்டியிலும் காயம். அண்ணிக்கு வேறு காரணம் கூறியிருக்கிறேன்.

வெங்காயக்காரர் வயலில் இருந்தார். நான் ஏறிக் குதித்ததைப் பார்த்துவிட்டார். என்னைத் தடுக்கவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. எனக்குப் பின்னால், கதவுக்கு அப்பால், சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை பாதி உயர்ந்திருந்தது. நீ வருகிறாய் என்று நினைத்துக் காத்திருந்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.

அதன்பின் மேடு வந்தது. அங்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்து, முன் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த உச்சியைக் கடந்துவிட்டேன். "இப்ப பாரு" என்று சொல்ல நீ எனக்கு முன்னால் இல்லை. நீ இத்தனை காலம் எனக்கென்று வைத்திருந்ததை, நீ தராமல் எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. நல்லா இருந்துது என்று நான் சொன்னது பொய். நான் பார்க்கவில்லை.

அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

உன் கடிதத்தை ஹாரன் அக்கா வாசித்துக் காட்டினாள். கடிதம் பிடிக்க இப்போது விரல்கள் கொஞ்சம் சண்டித்தனம் செய்கின்றன. கதவு ஏறிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு அடுத்த பத்தியில் நிறுத்திவிட்டு, வண்டியைத் துடைக்க வேண்டும் என்று வெளியே போய்விட்டாள். வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. மீதியை மேசைமேல் வைத்து நானே வாசித்தேன்.

மடையா. பாக்காமயா வந்தே?

நூறு தடவை பார்த்த இடம் அது எனக்கு. நான் உன்னை அனுப்பியதே நீ பார்க்கத்தான். ஜன்னலில் உட்கார்ந்து, இந்நேரம் கலங்கரை விளக்கம், இந்நேரம் கதவு, இந்நேரம் மேடு, இப்போது அவன் பார்க்கிறான் என்று மனசுக்குள் உன்கூடவே வந்துகொண்டிருந்தேன். நான் "இப்ப பாரு" என்றேன், அண்ணா. வாய்விட்டே சொன்னேன். நாய் நிமிர்ந்து பார்த்தது.

சரி. சொல்லமாட்டேன் என்றதை இப்போது சொல்கிறேன். மேடு ஏறும்போது வெங்காயப் பாத்திகள் உன்கூடவே மேலே ஏறும், நேர் நேர் கோடாக. உச்சியில் மண் தீர்ந்துவிடும்; பாத்தி தீராது. அதே கோடுகள் அப்படியே கடலுக்குள் போகும். அலையெல்லாம் பாத்திக்கு நேராக வரும். எது உழுதது, எது உழாதது என்று கொஞ்ச நேரம் தெரியாது. கடல் நம் கண்ணுக்கு மேலே நிற்பதுபோல இருக்கும். அவ்வளவுதான். முதல் தடவை பார்த்தபோது உன்னை நினைத்தேன். நீ இதற்கும் எல்லைக்கல் எங்கே என்று கேட்பாய் என்று.

சொல்லிவிட்டதால் அது உன்னுடையதாகிவிட்டது. நான் முன்னால் போகப்போவதில்லை. நீ குனிந்துகொண்டு எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

கதவில் இன்னும் பூட்டுத்தான். ஆனால் பால் வண்டிக்காரர் சொல்கிறார், பிள்ளைகள் நீ ஏறிய இடத்தில் ஏறிக் குதித்துப் போகிறார்களாம். வெங்காயக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாராம்.

மறுபடி வா. சைக்கிள் உன்னுடையது இங்கேயேதான் நிற்கிறது. யாரிடமும் எதையும் கேட்காதே. நிமிர்ந்து போ. வெங்காயக்காரர் நின்றால் நீயே முதலில் கையைத் தூக்கிவிடு. இல்லாவிட்டால் அவர் பாட்டுக்கு என்னை எதிர்பார்த்து நின்றுகொண்டே இருப்பார்.

வாலு